பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பால்காரர் ஊற்றும் பாலைக்கூட இரண்டு முறை உற்றுப் பார்ப்பேன். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதன் பொறுப்பை என்னிடம் கொடுத்ததற்கு இந்தப் புத்திதான் காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒன்று ஆணி அடித்தாற்போல் மனதில் பதிந்தது: கம்ப்யூட்டரின் மெமரி கரண்ட் இருக்கும்வரைதான், அணைத்தால் அதில் இருந்ததெல்லாம் போய்விடும். அப்படியானால், மாலையில் பிளக்கையே பிடுங்கி, உறை போட்டு மூடிவிட்டுப் போகிறேனே, காலையில் திரையில் நேரம் எப்படிச் சரியாக இருக்கிறது? வீட்டுச் சுவர்க் கடிகாரம் செல்லைக் கழற்றினால் நின்றுபோகிறதே. நான் போன பிறகு யாரோ இதை ஓட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று பள்ளியிலேயே தங்கியிருந்த அட்டெண்டரிடம். அவரும் தமிழர்தான். ஊர் கேட்டால் கொள்ளேகால் பக்கம் என்பார். கோபிநத்தம் என்று என்னிடம் மட்டும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். சந்தனக் கடத்தல்காரன் பிறந்த ஊர் அது; அவனைப் பிடிக்கக் காட்டில் போலீஸ் தேடுதல் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூட ஒரு மாதிரி பார்ப்பார்.

கதவிடுக்கில் சாக்பீஸ் துண்டு செருகிவிட்டுப் போனேன். காலையில் அப்படியே இருந்தது. சரி, ஜன்னல் வழியாக வந்திருப்பான். மானிட்டரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஆறட்டும் என்று முன்னாடியே அணைத்திருப்பான். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது என் கண்ணில் படவே இல்லை. அவர் எனக்குள் எப்போதோ ‘அவன்’ ஆகியிருந்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொன்னேன். ஊரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சாவியைக் கேட்டார். அட்டெண்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“அந்த மெசினுக்குக் கிட்டக்கூட நான் போனதில்லீங்க.”

மறுநாள் காலையிலும் நேரம் சரியாகவே இருந்தது. கள்ளச்சாவி அடித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மெஷினைச் சுத்தம் செய்ய ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்தவரிடம், கரண்ட் இல்லாமல் நேரம் ஓடுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் உள்ளே போர்டில் எட்டணாக் காசு அளவில் பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டினார். பேட்டரியாம். பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரத்தை மட்டும் இது ஓட்டிக்கொண்டிருக்குமாம், சில வருஷம் தாங்குமாம். பயிற்சியில் சொன்ன மெமரி வேறு, இது வேறு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் என் தப்பை ஒத்துக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு அட்டெண்டரிடம் போனேன். பேட்டரி விஷயத்தை முழுக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். சாவியை மட்டும் தொடவில்லை.

“அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க டீச்சர். நாளைக்கு நெசமாவே ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா? எங்கூரு பேரு இப்ப எல்லாருக்கும் தெரியுமுங்க.”

அதற்குப் பிறகு வராந்தாவைப் பெருக்கிக்கொண்டு வருபவர் அந்த அறை வாசலோடு நிறுத்திக்கொள்வார். அந்தப் பள்ளியில் இருந்தவரைக்கும் உள்ளே நான்தான் பெருக்கினேன்.