சவரிமுத்து திருத்திய இரங்கல்

போன திங்கட்கிழமை காலையில் சவரிமுத்துவின் மருமகன் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, மாமா தவறிவிட்டார் என்றார். எந்தச் சவரிமுத்து என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க சவரிமுத்துதாங்க" என்றார்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய வாரப் பத்தியைப் படித்துச் சிரித்த உங்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் எங்கும் வேலை பார்க்காமல் எழுதியே பிழைத்தவர்கள். கல்யாண வாழ்த்து, வரவேற்புரை, வாழைமண்டி ஆண்டு விழா அழைப்பு, எது வந்தாலும் எழுதுவோம். மிஞ்சிய நேரத்தில் ஜனங்கள் பேசுகிற பேச்சைப் பற்றி அவர் பத்தி எழுதுவார். "வழி சொல்கிறவருக்குச் சமயபுரம்கூடப் பக்கந்தான், ரிக்‌ஷாக்காரருக்கு அடுத்த தெருகூடத் தூரந்தான்" என்று எழுதியது அவர்தான். அதைப் படித்த நாளிலிருந்து, யாரிடம் வழி கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அவர் சிவப்புப் பென்சிலால் தாராளமாக அடிப்பார். ஒரு வரியை இனி யாரும் தொடக்கூடாது என்று பட்டால் ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். என் தாள்களில் அந்தச் சொல் அபூர்வம்.

அவர் பார்க்காமல் நான் கொடுத்தது ஒரே ஒரு கட்டுரை. அது அவருக்கே எழுதிய இரங்கல்.

நயா பைசா வந்த புதிதில் நடந்தது இது. மாதா கோயில் வாசல் பலகையில், சவரிமுத்துவுக்கு மாலையில் அடக்கம் என்று எழுதியிருப்பதாக அச்சகத்தில் சொன்னார்கள். அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் நாலைந்து சவரிமுத்துகள் இருப்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உடனே அவர் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டியவன், அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மதியத்துக்குள் பத்திரிகைப் பக்கத்தை முடித்துவிடுவார்கள் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. எழுதிக் கொடுத்த பிறகுதான் மாலை வாங்கிக்கொண்டு தென்னூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான்.

வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்; அவ்வளவு நிம்மதி. அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வருமுன் எழுத உட்கார்ந்ததைக் கடைசியில்தான் சொன்னேன். இனி இவர் என்னை ஒரு மனிதனாக மதிப்பாரா என்று பயந்தேன்.

"என்கிட்ட காட்டாம எப்படிங்க கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு அச்சகத்துக்குக் கிளம்பினார்.

அச்சுக்கோப்பவர் அதுவரை கோத்திருந்ததைத் திருத்தத்துக்குப் படி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' முதலில் போயிற்று. அடுத்த வாரப் பத்தியை நான்தானே எழுதப் போகிறேன், பிறகென்ன இழப்பு என்றார். 'சாந்த சொரூபி'யைத் தன் மனைவி படித்தால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவாள் என்று அடித்தார். 'தமிழன்னையின் தவப்புதல்வர்' வந்தபோது பென்சில் முனை முறிந்தது. கடைசியில் நாலு வரிதான் மிஞ்சியது. தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"வேண்டியபோது போட்டுக்கலாம்" என்றார்.

இந்தத் தடவை முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். அடக்கம் முடியும்வரை பேனாவைத் தொடவில்லை. துக்கத்தின் நடுவிலும் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அவருக்கு எழுத வேண்டியதை அவர் பார்த்தாகிவிட்டது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தத் தாள்தான். அவர் மடித்துக் கொடுத்த அன்றே, ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி வரி, 'அவர் என் நண்பர்' என்பது. வீட்டுக்குப் போகாமல் எழுத உட்கார்ந்தவன் எழுதிய வரி. அவர் அதை அடித்திருந்தால் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

ஓரத்தில் சிவப்புப் பென்சிலில், 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார்.