சிவமலர் அக்கா விழவில்லை

சிவமலர் அக்கா ஒரு காரியத்தை முதல் தடவையாகச் செய்வதை பீலெஃபெல்ட் நகரத்தில் இதுவரை ஒருவரும் கண்டதில்லை. எதைச் செய்தாலும் அது அவருக்கு இரண்டாம் தடவைதான். முதல் தடவையை, கதவைப் பூட்டி யன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏற்கெனவே முடித்திருப்பார்.

இது டியூஷன் கொடுக்கும் யாழ்ப்பாணத்து டியூட்டரிகளில் தொற்றிய பழக்கம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குமுன்பே டியூட்டரியில் அந்தப் பாடம் முடிந்திருக்கும். வகுப்பில் புதிதாக ஒன்றைக் கேட்டு வியக்கிற பிள்ளை, வீட்டில் அக்கறை இல்லாத பிள்ளை என்று பொருள். ஆகவே யாரும் வியப்பதில்லை. நியூட்டன்கூட அங்கே வந்திருந்தால், ஆப்பிள் விழுமென்று போன தவணையே படித்துவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது அவருக்கு இருபது வயது. அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போகும் வழியை ஊரில் வைத்தே பாடமாக்கியிருந்தார். பனியையே கண்டிராத பெண், அந்தப் பனிக்குள், அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போகிறவர்போல நடந்தார். அதே விமானத்தில் வந்த இளம் பெடியள் சிலர், அக்காவுக்கு இடம் தெரியும்போல என்று நம்பிப் பின்னால் போனார்கள். எல்லாரும் சேர்ந்து பிழையான மேடையில் நெடுநேரம் நின்றார்கள். ஆனால் நிற்கிறவிதத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்து ஒரு ஜெர்மன்காரரும் வந்து வரிசையில் நின்றார்.

பிறகு ஜெர்மன் வகுப்பு. முதலாம் புத்தகத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனதால், நேரே மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அரை வருடம் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். அதன்பிறகு விளங்கியது. கார் ஓடப் பழகுவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடந்த சூப்பர்மார்க்கெட் வளவில் கணவர் தபோதரனை வைத்து ஓடிப் பார்த்தார். முதல் நாளே அவர் காரை நிறுத்திய நேர்த்தியைக் கண்ட பயிற்சியாளர், ஏதோ ஒரு நாட்டின் காவல்துறையிலிருந்து தப்பி வந்தவரோ என்று யோசித்தாராம்.

இப்படி வாழ்ந்த ஒருவருக்குத்தான் மகள் பிரபாலினி அந்த இடியை இறக்கினாள்.

பிரபாலினி கார்ல்ஸ்ரூஹேயில் படித்த பொறியாளர். படிப்போடு பாரத் என்ற பையனையும் அங்கேயே கண்டுபிடித்தாள். பாரத் கோயம்புத்தூர்க்காரன், ஐ.டி. வேலை. அவனுடைய அம்மா மல்லிகா, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், மகனைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு குடும்பமும் சந்திக்க வேண்டும். எங்கே?

இதில்தான் இளசுகள் மூளையைப் பாவித்தார்கள். வீட்டில் சந்தித்தால் பலகாரத்தில் போட்டி வரும். உணவகத்தில் சந்தித்தால் பில்லுக்குக் கைகலப்பு வரும். கோயிலில் சந்தித்தால் பரிபாலன சபை முழுவதும் வரும். ஆகவே எம்ஸ் ஆற்றில், ஆளுக்கொரு காற்றடித்த பலகையில் ஏறி, நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டு போகும் பயணம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். வழிகாட்டி உண்டு, ஆழம் இல்லை, புதியவர்களுக்கானது. ஒருவர் காதில் மற்றவர் முணுமுணுக்க முடியாத தூரத்தில் ஒவ்வொரு பலகை. சம்பந்திகள் சந்திக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

விளம்பரத்தில் அதற்குப் 'பாலைவன ஆற்றுப் பயணம்' என்று பெயர். வாரென்டோர்ஃப் பக்கத்தில் எம்ஸ் கரையில் பழைய மணல்மேடுகள் சில உண்டு. ஜெர்மன்காரருக்கு நாலு முழ மணலும் ஒரு வெயில் நாளும் கிடைத்தால் அது பாலைவனம். அந்தக் கோடையில் மழையும் பொய்த்துப் புல்லெல்லாம் கருகிக் கிடந்ததால், விளம்பரம் முதல் தடவையாக உண்மை பேசியது.

"அன்ஃபெங்கர் ஆக்களுக்கெண்டே வைச்ச டூர், அம்மா. புதுசாப் பழகிறவைக்கு. எல்லாரும்தான் விழுவினம்," என்றாள் பிரபாலினி.

"எல்லாரும் விழட்டும். பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தனான், சம்பந்தியின்ரை முன்னாலை முதல் நாளே விழுந்து காட்டச் சொல்லுறியோ?"

"விழுந்தா என்னம்மா. தண்ணிதானே."

"தண்ணி காஞ்சிடும் பிள்ளை. கதை காயாது."

"சரி, ஒண்டு மட்டும் கேளுங்கோ. இந்தமுறை களவாப் பழகாமல் வாங்கோ. ஒரே ஒருக்கா நாங்கள் எல்லாரும் சேந்து ஒண்டைத் தொடங்குவம்."

"ஓம் ஓம். ஆர் பழகினது," என்றார் சிவமலர் அக்கா.

அன்று பின்னேரமே, தெரிந்த வீடொன்றிலிருந்து இரவல் பலகை வந்து மூன்றாம் மாடி ஹோலுக்குள் இறங்கியது. சோபா சுவரோடு போனது. தபோதரன் காற்றடித்தார். பலகையோடு வந்த, மீனுக்கு இருப்பதுபோன்ற சிறிய செட்டை ஒன்றை அடியில் மாட்ட வேண்டும். மாட்டினால் தரை கீறுப்படும் என்பதால் அது பையிலேயே கிடந்தது. செட்டை இல்லாத பலகைக்கு முன்னும் பின்னும் ஒரேமாதிரித்தான் இருந்தது.

"இதிலை எது முன்பக்கம்?" என்று கேட்டார் அக்கா.

தபோதரன் களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறவர். உழைப்பில் பாதியைப் பின்னுக்கு ஓடியே கழித்தவர். பலகையை ஒருதரம் சுற்றி வந்தார்.

"காத்தடிக்கிற ஓட்டை இருக்கிற பக்கம்தான் முன்பக்கம். காருக்கு எஞ்சின் எங்கை இருக்கு?"

"முன்னுக்கு."

"பிறகென்ன."

அந்தப் பக்கம் பார்த்து நின்றால் தொலைக்காட்சியும் நேரே தெரிந்தது. கேள்வி அத்தோடு முடிந்தது.

துடுப்புக்கு, வீடு கூட்டுகிற தும்புத்தடி. அலைக்குப் பலகையின் கீழே செருகிய இரண்டு குஷன். தபோதரன் அவற்றைக் காலால் உதைக்க, அக்கா சீரியல் பார்த்தபடி தும்புத்தடியை இடமும் வலமும் இழுத்தார். வேலையும் அவருக்குக் கைகொடுத்தது. முப்பது வருடமாகப் பேக்கரியில் நின்றே பாண் விற்கிறவர். நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவரைக் குஷன் என்ன செய்துவிடும்? கீழ்வீட்டு ஜெர்மன் அம்மையார் மாடிப்படியில் மறித்து, பின்னேரங்களில் மேலே என்ன நடக்கிறது என்று கேட்டார். துடுப்புப் போடுகிறோம் என்றார் தபோதரன். அம்மையார் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

பயணத்துக்குரிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. மல்லிகா சுடிதாருக்கு மேலே மிதப்பு அங்கி போட்டு, கும்பிட்டபடி வந்தார். அக்காவும் மிதப்பு அங்கியோடு கும்பிட்டார். இரண்டு அங்கியும் முட்டிக்கொண்டதால் கட்டிப்பிடிக்க ஏலவில்லை. தபோதரன், பொரித்த ரோல்ஸ் அடுக்கிய பெட்டியோடு, பயணம் முடிகிற இறங்குதுறைக்குக் காரில் போய்விட்டார்.

வழிகாட்டியின் பெயர் பீலிக்ஸ். வெயிலில் வெளிறிய தாடி, வெறுங்கால்.

"யாருக்கு இது முதல் தடவை?" என்று ஜெர்மனில் கேட்டான்.

பிரபாலினி கை தூக்கினாள். பாரத் தூக்கினான். மல்லிகா, மொழி விளங்காமலே, மகனைப் பார்த்துத் தூக்கினார். சிவமலர் அக்காவின் கை இடுப்பிலேயே இருந்தது.

"அம்மா," என்றாள் பிரபாலினி.

பீலிக்ஸுக்கு மகிழ்ச்சி. "நீங்கள் எங்கே பழகினீர்கள்?"

"பீலெஃபெல்டில்."

"அங்கே அவ்வளவு தண்ணீர் இல்லையே."

"கொஞ்சம் உயரமான இடம்," என்றார் அக்கா. மூன்றாம் மாடி என்பதால் பொய்யும் இல்லை. ஏதோ மலையேரியை நினைத்துக்கொண்ட பீலிக்ஸ், மரியாதையாகத் தலையசைத்தான்.

மற்றவர்களை முதலில் பலகையில் முழங்காலில் இருக்கச் சொன்னான். அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. காற்றடிக்கிற ஓட்டையைத் தேடினார், கண்டார், அதைப் பார்த்தபடி ஏறி எழுந்து நின்றார். அதாவது, பலகையின் வாலைப் பார்த்துக்கொண்டு.

பீலிக்ஸ் வாயைத் திறந்தான். ஆனால் அவர் ஆடவில்லை. தோள் இறங்கி, முழங்கால் சற்று மடங்கி, கண் எதிரே எங்கேயோ, சரியாகச் சொன்னால் தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில், நிலைத்திருந்தது. பீலிக்ஸ் வாயை மூடினான்.

"இதை நாங்கள் பயிற்சியாளர் பரீட்சையில்தான் செய்வோம்," என்றான். "நீங்கள் யாரும் முயல வேண்டாம்."

பாரத் அதை மொழிபெயர்த்தான்.

"சம்பந்தியம்மா பயங்கர எக்ஸ்பர்ட் போலயேடா. நீ சொல்லவே இல்ல," என்றார் மல்லிகா.

"எனக்கே தெரியாதும்மா."

"உனக்கு மட்டுமில்லை பாரத், எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்," என்றாள் பிரபாலினி, தாயை முறைத்தபடி.

செட்டை பின்னால் இருந்தால்தான் பலகை நேராக ஓடும். அக்காவின் பலகையிலோ செட்டை முன்னுக்கு வந்துவிட்டது. ஆகவே நாலு தரம் வலித்ததும் அது தன்பாட்டில் சுழலத் தொடங்கியது. இது ஹோலுக்குள் நடக்காத விஷயம். வேறு யாரும் பதறியிருப்பார்கள். அக்கா பதறவில்லை. பிழையான மேடையில் நின்ற அதே தெளிவோடு நின்றார். துடுப்பை வேல்போலப் பிடித்துக்கொண்டு, ஆறு இழுத்த பக்கமெல்லாம் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மகளைப் பார்த்து, மருமகனைப் பார்த்து, சம்பந்தியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. கரையில் மணல்மேட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஜெர்மன் குடும்பமொன்று எழுந்து கைதட்டியது. தேரில் எழுந்தருளியவர் சனத்தைப் பார்ப்பதுபோல அவர்களையும் பார்த்தார்.

பாதித் தூரம் போனதும் மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாரத், நான் எந்திரிக்கறேன்."

"வேண்டாம்மா. நீ முட்டி போட்டே வா. சேஃப்."

"அவங்க நிக்கறாங்க, நான் மண்டி போட்டுட்டு வரணுமா? பிரான்ச் மேனேஜரா இருந்தவடா நான்."

எழுந்தார். நின்றார். ஒருமுறை துடுப்பைப் போட்டார். இரண்டாம் முறை துடுப்புத் தண்ணீருக்குள் போனது, அவரும் அதன் பின்னாலேயே போனார்.

ஆழம் இடுப்பளவுதான். உடனேயே எழுந்து நின்றார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது. பாரத் தாயை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், நிறுத்த மறந்து.

அந்தக் கணத்தில்தான் சிவமலர் அக்காவின் பலகை ஒரு சுற்று முடிந்து, சம்பந்திக்கு நேரெதிரே வந்து நின்றது. அவர் வெற்றி பெற்றுவிட்டார். ஒரு துளி நனையாமல் மேலே நிற்கிறார். மாப்பிள்ளையின் தாய், பல்லை இறுக்கிக்கொண்டு, கீழே. இதற்காகத்தானே இரண்டு குஷனும் ஒரு தும்புத்தடியும். ஆனால் நின்றவருக்குத் தெரிந்துவிட்டது: தான் விழுந்திருந்தால் அது ஒரு பின்னேரக் கதை. சம்பந்தி விழுந்து, தான் உலர்ந்தபடி மேலே நின்றால், அது கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைகள் காலத்திலும் காயாது. ஹோலுக்குள் பழகாத ஒரே பாடம் இதுதான்.

பிரபாலினி தாயைப் பார்த்தாள்.

தண்ணீர் தெறித்த சத்தம் கேட்டது. சிவமலர் அக்கா மல்லிகாவின் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"என்னங்க, நீங்களுமா," என்றார் மல்லிகா.

"நீங்கள் தண்ணிக்குள்ளை நிக்கேக்கை நான் மேலை நிண்டால் மரியாதையோ, சொல்லுங்கோ. இறங்கி வந்தனான்."

மல்லிகா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார், மூக்கால் தண்ணீர் வரும்வரைக்கும். சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்தபடி கேட்டார்:

"சம்பந்தி, நெஜமாச் சொல்லுங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார். காதுக்கு எட்டாத தூரம். இளசுகளின் ஏற்பாடு அம்மாக்களுக்குத்தான் உதவியது.

"வீட்டு ஹோலுக்குள்ளை. சீரியல் போகேக்கை."

"கடவுளே. அப்ப எனக்கும் சொல்லித் தாங்க."

"இப்பவோ?"

"பின்ன? இப்படியே ஈரமா முட்டி போட்டுட்டுப் போய் இறங்கச் சொல்றீங்களா?"

"அப்ப இந்த ஓட்டையைப் பாத்து நில்லுங்கோ. துடுப்பைப் பாக்காதேங்கோ. தூரத்திலை ஒரு டி.வி. இருக்கெண்டு நினையுங்கோ. என்ன சீரியல் பாக்கிறனீங்கள்?"

பீலிக்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மல்லிகா மறுபடி விழுந்தார். அக்கா அவருடைய பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த முறை மல்லிகா விழவில்லை. சீரியலில் வில்லி வீட்டைவிட்டுப் போகிற இடம்வரைக்கும் மனதுக்குள் ஓடவிட்டாராம்.

இறங்குதுறையில் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த தபோதரன் கண்டது இதுதான். முன்னால், முழங்காலில் தவழ்ந்தபடி, நனைந்துபோன மகளும் மருமகனும். அவர்களுக்குப் பின்னால், ஆற்றை அடைத்துக்கொண்டு, இரண்டு அம்மாக்கள் நிமிர்ந்து நின்று, ஒருவரையொருவர் சுற்றி, வாலை முன்னுக்கு விட்டு, பலத்த பேச்சோடு வந்தார்கள். பேச்சு கலியாணத் திகதியில் தொடங்கி, சாம்பாரா சொதியா என்பதில் வந்து நின்றிருந்தது. இரண்டும் என்று கரைசேருமுன் முடிவானது.

பீலிக்ஸ் ஓடிவந்து அவருடைய கையைக் குலுக்கினான். "உங்கள் மனைவி எங்கே படித்தார்?"

"நான் படிப்பிச்சது," என்றார் தபோதரன். "எஞ்சின் பக்கம் முன்னுக்கு."

மல்லிகா ஊருக்குத் திரும்புவதை ஒரு கிழமை தள்ளிவைத்து பீலெஃபெல்டில் தங்கினார். சோபா மறுபடி சுவரோடு போனது. கீழ்வீட்டு அம்மையாருக்கு இப்போது இரண்டு பேர் துடுப்புப் போடுவது கேட்கிறது. அடுத்த கோடைக்குப் பதிவு செய்தாயிற்று. இந்தமுறை யார் முதல் தடவை என்று பீலிக்ஸ் கேட்கும்போது, இரண்டு கைகள் இடுப்பிலேயே இருக்கும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் குடும்பத்தில் தீரவில்லை. தானாகவே காலெடுத்துவைத்து இறங்குகிற ஆள் அப்படிச் சத்தம் போட்டு இறங்குவாரா என்று பிரபாலினி கேட்கிறாள். பாரத்தின் வீடியோவில் அந்தக் கணத்தில் மல்லிகாவின் முகம்தான் இருக்கிறது. பக்கத்தில் தெறிக்கிற தண்ணீரும், "ஐயோ அம்மா" என்று ஒரு குரலும் கேட்கின்றன. குரல் யாருடையது என்று பாரத்திடம் போனில் கேட்டால், நெட்வொர்க் சரியில்லை என்கிறான்.

மல்லிகாவைக் கேட்டால் யோசிப்பதே இல்லை. "நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். சம்பந்தி விழலைங்க," என்கிறார்.