நிறுத்தச் சொன்ன மாதம்

அவர் கிரேன் ஓட்டுபவர். உயரத்தில் தொங்கும் கண்ணாடி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில்தான் வேலை. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் இருநூற்றுப் பத்துப் படி இறங்க வேண்டும். அதனால் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். கீழே இருப்பவர்கள் 'ஒட்டகம்' என்பார்கள். மனுஷருக்கு அதில் பெருமை வேறு!

ஐம்பது வயதில் காலில் ரத்தம் உறைந்து கெண்டைச் சதை கல்லாக வீங்கியது. ரத்தம் உறையாமலிருக்க ஆறு மாதம் மாத்திரை. மாத்திரையை நிறுத்தும்வரை மேலே ஏறக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. வாசலில் லாரி எண் எழுதும் வேலை கொடுத்தார்கள். நொந்துபோனார்.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "மாத்திரையை ஒரு மாசம் நிறுத்துங்க. அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை. திரும்ப உறையுமான்னு அதுல ஓரளவு தெரியும். ஆபத்து குறைவுன்னா மாத்திரையே வேண்டாம்."

அவருக்கு வாயெல்லாம் பல். மனைவிக்கோ மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் மருந்தில்லாமல் எப்படி விடுவது? மிச்சமிருந்த மாத்திரைகளைத் தினமும் பொடித்து, அவருக்குத் தெரியாமல் பாலில் கலந்தாள்.

"என்ன, இன்னிக்கும் சர்க்கரை தூக்கல்? பாசம் பொங்குதோ?"

"வாயை மூடிக்கிட்டுக் குடிங்க."

பரிசோதனையில் ஆபத்து குறைவு என்று வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. பால் வெறும் பாலானது. அவர் மேலே ஏறினார்.

பதினோராவது வாரம், மேலேயே மூச்சுத் திணறிச் சரிந்தார். கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்து, மகளோடு டாக்டரைப் பார்க்கப் போனாள். மகள் மருந்துக் கடையருகே நின்றுகொண்டாள்.

"ரிப்போர்ட் அவ்வளவு நல்லா இருந்துச்சும்மா. எனக்கே புரியல" என்றார் டாக்டர்.

"டாக்டர், அந்த மாசம் மாத்திரை சாப்பிட்டிருந்தா?"

"சாப்பிட்டிருந்தா ரிப்போர்ட் நல்லதாத்தான் காட்டும். அதை நம்ப முடியாது. அதனாலதானே நிறுத்தச் சொன்னோம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து மகள் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா. உன்னை மாதிரி அப்பாவை யாரு பார்த்துக்கிட்டிருப்பாங்க?"

அவள் வாய்விட்டு அழுதாள். தேற்றத் தேற்ற அழுகை கூடியது.