எட்டி நின்றால் வராத குரல்

2009 பொங்கல் விடுமுறையில் தேனிப் பக்கம் போனேன். அருவி பார்க்க அல்ல, ஒரு பாட்டுக்காக. பிரான்சுக்குத் தெற்கே கடலில் இருக்கிறது கோர்சிகா தீவு. அதன் பழைய பாட்டுமுறையைக் கிடாரோடு கலந்து பாடும் மூன்று பேர், பெரியகுளம் பக்கத்து ஊரொன்றில் நாற்று நடும் பெண்களோடு சேர்ந்து பாடப்போவதாக நண்பர் எழுதியிருந்தார். இது எப்படி ஒட்டும் என்று பார்க்க ஆசை.

மதுரையிலிருந்து ஆண்டிபட்டி வழியாகத் தேனி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பெரியகுளம் பதினாறு கிலோமீட்டர். பிறகு ஜெயமங்கலம் சாலையில் ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். ஊர்ப்பெயரை எழுதவில்லை. பாடியவர்கள் அங்கேதான் வாழ வேண்டும்.

"அந்த மூணு பேரும் காதப் பொத்திக்கிட்டுல்ல பாடுறாக," என்றார் ஆட்டோக்காரர். "அவுக பாட்டு அவுகளுக்கே சகிக்கல போல."

மதியம் தென்னந்தோப்பில் ஒத்திகை. காதில் கை வைப்பது தன் குரலைத் தானே கேட்க. ஒருவர் மெட்டைப் பிடிக்கிறார், ஒருவர் அடியில் தாங்குகிறார், ஒருவர் மேலே நெளிகிறார். தோள் உரச வட்டமாக நிற்க வேண்டும். நடவுக்குழுவின் செல்வியக்கா மெட்டைப் பிடித்ததும், யாரும் பாடாத இன்னொரு குரல் உச்சியில் கேட்டது. குரல்கள் சரியாகப் பொருந்தினால் அப்படிக் கேட்குமாம். செல்வியக்கா ஓரடி விலகிப் பார்த்தார். "அட, போயிருச்சு." திரும்ப ஒட்டி நின்றார். "இந்தா, வந்துருச்சுடி." குழுவே சிரித்தது.

செல்வியக்காவும் மற்ற பெண்களும் காலனிக்காரர்கள். பொங்கல் விழா மேடையோ மேலத்தெருவில். சாயங்காலம் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மறித்தார்.

"ஏத்தா, நீங்க கீழ நின்னே பாடுங்க. தனி மைக் போட்ருக்கு."

காரணம் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியமில்லை.

"எட்டி நின்னா அந்தக் குரல் வராதுய்யா," என்றார் செல்வியக்கா.

"வராட்டி போகுது."

"அதக் கேக்கத்தான இம்புட்டுப் பேரு வந்திருக்காக?"

மேடையில் மூவரும் வட்டத்தில் இடம் விட்டுக் காத்திருந்தார்கள். செல்வியக்கா ஏறி அங்கே நின்றார். மற்ற பெண்களும் ஏறினார்கள்.

பாட்டின் இரண்டாவது அடியிலேயே மைக் அணைந்தது. கிடாரும் ஊமையானது. கமிட்டிக்காரர் மைக்செட்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். நடவு வயலில் ஏது மைக்? பாட்டு நிற்கவில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசியில், ஒலிபெருக்கியின் அடியில் நின்றிருந்த காலனி ஆட்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் நாற்காலிகளைத் தாண்டி முன்னால் வந்தார். பிறகு எல்லோரும் வந்து மேடையை ஒட்டி நின்றார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். அந்த நாற்காலிகளும் நிரம்பின.

நாளைக்கு மேலத்தெருக்காரர்கள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று செல்வியக்காவிடம் கேட்டேன்.

"கூப்பிடாம? அவுகளே சேத்துல எறங்கி நடுவாகளாக்கும்?"

போகிறவர்களுக்கு: திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்தேன், அந்த உச்சிக் குரல் அதில் விழவில்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால் பின்னால் நிற்காதீர்கள். முன்னால் போங்கள்.