எண்ணெய் வேண்டாத இடம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல். வாட்ச் ரிப்பேர்க்காரர் பீர் மைதீனின் கடை அவ்வளவுதான். ஆனால் அவருடைய பெருமை அந்தப் பெட்டிக்குள் அடங்காது. "வாட்சைக் கழட்டி மாட்ட எவனும் படிச்சிருவான். எங்கன எந்த எண்ணெய், எங்கன எண்ணெயே கூடாது, அதுலதான் இருக்கு வே தொழில்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சுக்குத் தக்க கை அவருக்கு உண்டு.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஆவணியில் அந்தப் பெருமைக்கே ஆபத்து வந்தது. விசைத்தறிக்கூட முதலாளி சங்கரசுப்பு, பக்கத்து டீக்கடைக் கூட்டம் பார்க்கத் தன் கைக்கடிகாரத்தைப் பெட்டிமேல் வைத்தார். அதைப் பார்த்துத்தான் அவர் கூடத்தில் ஷிப்டு சங்கு ஊதும்.

"வே பாய், நீரு சரிபண்ணிக் கொடுத்து மூணு மாசம் ஆகல. நித்தம் கால் மணி பிந்துது. நெசவாளியெல்லாம் ஏசுதான். தொழில் தெரியலன்னா சொல்லிரும்."

இருபது வருஷம் சம்பாதித்த பேர் ஒரு நிமிஷத்தில் போகப் பார்த்தது. மைதீனுக்கு முகமெல்லாம் எரிந்தது. வாட்சின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே சக்கரங்கள் கருத்த எண்ணெயில் மிதந்தன.

"அண்ணாச்சி, இதுக்குள்ள என்னத்த ஊத்துனிய?"

"வெள்ளிக்கிழமை தறிக்கெல்லாம் பொட்டு வச்சு எண்ணெய் விடுவோம்லா? இதுவும் ஓடுத மிசின்தான? மூடிய நெம்பி இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைதீன் சிரிக்கவில்லை. அந்த எண்ணெயில் ஒரு சொட்டையும் தன் சீசாவிலிருந்து ஒரு சொட்டையும் கண்ணாடித் துண்டில் வைத்தார். தறி எண்ணெய் பரவி வழிந்தது. அவருடையது வைத்த இடத்திலேயே கடுகாக நின்றது.

"பாத்தியளா? துடிக்குத சக்கரத்து முனைக்கு மெல்லிசு எண்ணெய். ஸ்பிரிங் பக்கம் கெட்டி. சாவி திருகுத இடத்துக்கு கிரீஸ். கவட்டை மாதிரி இந்தத் துண்டு ஆடுதுலா, இதோட அச்சுக்கு ஒண்ணுமே கூடாது. சக்கரத்துப் பல்லுக்கும் கூடாது."

எல்லாவற்றையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணெய் வைத்தார். அடுத்த வெள்ளி வரை முள்ளையும் தொடக்கூடாது, மூடியையும் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

அந்த வெள்ளியும் வந்தது. டீக்கடை ரேடியோ ஆறு மணி என்று சொல்லி வாய் மூடவில்லை, தறிக்கூடத்துச் சங்கு ஊதியது. டீ குடித்தவர்கள் எல்லோரும் மைதீனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் சங்கரசுப்புவே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாய், எண்ணெய் விடல. பொட்டு மட்டும் வச்சேன்."

கடிகாரக் கண்ணாடியின் ஓரத்தில் துளிக் குங்குமம் இருந்தது. தூசி கண்டால் பொறுக்காத மைதீன் அதை மட்டும் துடைக்கவில்லை.