மாத்திரை தள்ளிவிட்ட மனுஷர்

டாக்குரியா பாலத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து என் கணவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. வலிக்கென்று அப்போது எழுதிக்கொடுத்த மாத்திரையை, எலும்பு கூடிய பிறகும் அவர் விடவில்லை. அது அபின் வகையாம். எனக்கென்ன தெரியும்? வலிக்குத்தானே சாப்பிடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு. ஆபீஸ் படியில் உருண்டு நெற்றியில் தையல். அடி புதுசு, மாத்திரை மட்டும் அதேதான். டைல்ஸ் வழுக்குகிறது என்று வீட்டு ஓனர் வங்காளி அம்மா, மாஷிமாவிடம் சண்டைக்கே போனேன். பாவம், பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தந்தார். கண் பட்டிருக்கும் என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். கறி சமைக்கிற காயைத் தெருவில் போட்டு உடைக்கிறாளே என்று மாஷிமாவுக்கு வயிற்றெரிச்சல்.

புது டைல்ஸிலும் விழுந்தார். இந்த முறை விலா எலும்பு. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கவில்லை. விழுவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அங்கேயே கத்தினேன்.

மாத்திரையால் தலைசுற்றல், சுற்றுவதால் விழுவது, விழுந்த வலிக்கு மறுபடி மாத்திரை. டாக்டரம்மா விளக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த மாதங்களில் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. இவர் எரிந்து விழுவார், நானும் சும்மா இருக்க மாட்டேன். ஒருவழியாக விட்டுத் தொலைத்தார்.

போன மழைக்காலத்தில், லேக் கார்டன்ஸ் தெருவில் ஓரமாக நடந்துபோனவரை ஒரு ஆட்டோ இடித்துவிட்டது. கணுக்கால் முறிந்துபோனது. எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயசு டாக்டர், வலிக்கு ஸ்ட்ராங்காக ஒன்று போடுகிறேன் என்று ஊசியோடு வந்தார். கடவுளே, மறுபடியும் முதலிலிருந்தா?

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே முந்திக்கொண்டார். தன் அரைகுறை வங்காளத்தில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அந்த வகை மருந்துக்கு நான் அடிமையா இருந்தவன். வேற ஏதாவது குடுங்க" என்றார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, காலை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்று சொல்லி ஆளைக் கூப்பிடப் போனார்.

அவர்கள் வரும்வரை இவர் "ஐயோ, அம்மா!" என்று போட்ட சத்தம் இருக்கிறதே! பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் என்னை முறைத்தார். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்துங்க, இன்னும் நல்லாக் கத்துங்க" என்றேன்.