மிளகு தூவிய கஞ்சி

வலிக்கிறது என்று உம்மா ஏன் சொல்லவில்லை? எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகும் இதற்குப் பதில் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, நோன்பு மாதத்தில், உம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் நாக்கும் உதட்டின் உட்புறமும் புண்ணாகித் தோல் உரியும். சோறு இறங்காது. இன்னும் மெலிந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட நேரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வாப்பாவுக்கு நிம்மதி இல்லை.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள். பரக்கத்தான, இறையருள் உள்ள கஞ்சி, நோயாளிகள்கூட வேண்டாம் என்று சொல்வதில்லை. அதில் இஞ்சியும் பூண்டும் ஏற்கெனவே இருக்கும். போதாதென்று வாப்பா பல்லேபொல ஊர்த் தோட்டத்து மிளகை இடித்துத் தூவுவார். மிளகு எந்தப் புண்ணையும் ஆற்றிவிடும் என்பது மிளகு வியாபாரியான அவருடைய நம்பிக்கை.

"கொஞ்சம் குடி புள்ள. பள்ளிக் கஞ்சி, ஒண்ணும் செய்யாது" என்று ஒரு நாள் உம்மாவிடம் நீட்டினார்.

உம்மா கடைசிக் கரண்டிவரை குடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"மிளகு கொஞ்சம் கூடிட்டு" என்று சிரித்தார்.

"மச்சான், எங்க வீட்டு மனுசன் எனக்குத் தண்ணிகூட ஊத்தித் தாறதில்ல!" என்றார் உம்மாவின் தங்கையான சாச்சி. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் வாப்பா பெரிய பாத்திரத்தோடு போனார்.

அடுத்த முறை கண்டிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். தாதி டோர்ச் அடித்து உம்மாவின் வாயைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறார் என்று சிங்களத்தில் கேட்டார். வாப்பா பெருமையோடு சொன்னார். தாதி டோர்ச்சை அணைத்தார். பிறகு, காரமே ஆகாது, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், உணவை ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். புண் ஆழமாக இருந்ததால் அன்று மருந்து ஏற்றவில்லை. மிளகு இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்குமோ, தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் வாப்பா மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"கஞ்சி நல்லாத்தான் இருந்திச்சு" என்று உம்மா அவர் கையைத் தொட்டார்.

ஜன்னலோரம் இருந்த எனக்கோ ஒரே சந்தோஷம். மருந்து வேண்டாம் என்றால் சுகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அடுத்த நோன்புக்கு உம்மா இல்லை.

போன வாரம் என் மகள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்ததும், "வலிக்கல்ல உம்மா" என்றாள். நான் பயப்படுவேன் என்பதற்காக அப்படிச் சொன்னாளா, உண்மையிலேயே வலிக்கவில்லையா? வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு பிள்ளையை எப்படிப் பழக்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.